தேநீருக்காக வெட்டிய மேசை

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு மேசையின் கால்களைத்தான் வெட்டியிருக்கிறேன். அது என் மனைவி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மேசை. ஏன் வெட்டினாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு மன அமைதி தேவைப்பட்டது.

2011ஆம் ஆண்டு. சிட்னியில், வெஸ்ட்மீட்டில், இரண்டாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை அடுக்குமாடி யூனிட் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நானும் அவளும் மட்டும். நான் ஒரு ஆய்வுகூடத்தில், வந்து சேரும் இரத்த மாதிரிகளில் பெயர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அடுக்கும் வேலை செய்தேன். அவள் மன்னாரில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவள். இங்கே தாதியாகப் பதிவதற்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. நான்கிலும் ஒன்பது புள்ளிக்கு ஏழுக்குக் குறையக் கூடாது. இரண்டு தடவை எழுதிவிட்டாள். இரண்டு தடவையும் எழுத்தில் அரைப் புள்ளியால் போனது. அவளுடைய படிப்பை ஏற்றுக்கொண்டு தாதியர் சபை தந்திருந்த கடிதம் அந்த வருடக் கடைசியோடு காலாவதியாகும். அதற்குள் தேறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதுவரைக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை. பதினொரு வருடம் ஊசி போட்டவளுக்கு அங்கே மருந்து அலுமாரியின் சாவியைத் தொட அனுமதியில்லை. அதைப் பற்றி அவள் வீட்டில் ஒரு நாளும் அழுததில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்குப் போவாள்.

அந்த மேசை தெருவில் கிடைத்தது. குடிவந்த அன்று அரிசி பருப்பு வாங்க பென்டில் ஹில்லுக்குப் போயிருந்தோம். நகரசபை லொறி வந்து பழைய சாமான் எடுக்கும் வாரம். வீதியோரம் எல்லாம் சோபாவும் கட்டிலும் குவிந்து கிடக்கும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதைப் பார்க்காதது போலப் போவார்கள், மீதிப்பேர் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து எடுப்பார்கள். நாங்கள் பட்டப்பகலில் எடுத்தோம். நல்ல பைன் மரம், இழுப்பறை ஒன்றோடு. நான்கு கால்களும் கார் டிக்கியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க வீட்டுக்குக் கொண்டுவந்து, பல்கனிக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து மூலையில் போட்டோம். அந்த மூலை யன்னலுக்கு வெளியே ஊதாப் பூப் பூக்கும் ஒரு ஜக்கரண்டா மரம். வீட்டில் வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான்.

“இந்த மூலை உமக்கு,” என்றேன். பெரிய காணி எழுதிக் கொடுத்தவனின் குரலில் சொன்னேன்.

இனி என் அமைதியின் கதைக்கு வருகிறேன். அந்த வருடம் எனக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதை விட உட்காருவது எனக்கு ஒத்துவரும் என்று பட்டது. அந்த நேரம் பார்த்து, என்னோடு வேலை செய்த சீனர் ஒருவர், என் வயதுக்காரர், மதிய இடைவேளையில் தன் ஊரிலிருந்து வந்த தேயிலையில் ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தார். குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் ஒரு இனிப்பு எழும்பியது. அவ்வளவுதான். அந்த ஒரு மிடறில் நான் கெட்டேன். பிறந்ததிலிருந்து தகர டின்னில் வரும் கட்டியான ரின்பால் விட்ட தேத்தண்ணியைக் கோப்பை கோப்பையாகக் குடித்து வளர்ந்தவன், ஒரே வாரத்தில் தேநீர் ரசிகனாகிவிட்டேன்.

இணையத்தில் தேடித் தேடி வாசித்தேன். தேநீர் போடும் இடம் வெறுமையாக இருக்க வேண்டுமாம். தாழ்வாக இருக்க வேண்டுமாம். இயற்கை வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டுமாம். மீட்டர் நாடாவை எடுத்து வீட்டை அளந்தேன். குசினியில் ஒரு ஆள் நின்றால் மற்ற ஆள் வெளியே நிற்க வேண்டும். படுக்கையறையில் கட்டிலைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் நடக்கலாம். எத்தனை தடவை அளந்தாலும் மீட்டர் ஒரே மூலையில் போய் நின்றது. மீட்டர்தான் தேர்ந்தெடுத்தது, நான் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“இஞ்சரும், இந்த மூலையில சீனாக்காரற்ற மாதிரி ஒரு சின்னத் தேத்தண்ணி இடம் செய்வமோ?”

“குசினியில போடுறதுக்கு என்ன?”

“குசினி வேற, இது வேற.”

“அப்ப மேசை?”

“மேசையும் அதுக்குப் பாவிக்கலாம். காலைக் கொஞ்சம் வெட்டிப் பதிச்சா சரி.”

அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். “பரவாயில்லை. நான் எங்கையாவது இருந்து படிக்கிறன்,” என்றாள்.

கலியாணமாகி ஒன்பது வருடம். அவள் அதை எந்த முகத்தோடு சொன்னாள் என்று பார்க்கத் தெரியாதவன் இல்லை நான். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேசையை வெட்ட முடியாது.

மரம் அறுக்கும் வாளை இரவல் வாங்கியது கீழ்வீட்டுக்காரரிடம். மதுரைப் பக்கத்தவர், கையில் எப்போதும் ஏதாவது வேலைக்கருவியோடு எதையாவது திருத்திக்கொண்டிருப்பார். பல்கனியில் நான் மேசையைக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்க்க மேலே வந்தார்.

“நல்ல மேசையாச்சேண்ணே. இத எதுக்கு வெட்டுறீங்க?”

“சீன முறையில தேத்தண்ணி போட.”

“சைனாக்காரங்க மேசைய வெட்டிட்டுத்தான் டீ போடுவாங்களா?”

அவருக்கு ரசனை போதாது என்று முடிவு செய்தேன். ஒரு காலை அளந்து வெட்டினேன். மற்ற மூன்றையும் அதைப் பார்த்து வெட்டினேன். நிமிர்த்தினால் ஆடியது. ஆட்டத்துக்குக் காரணமான காலைக் கொஞ்சம் சீவினேன். எதிர்ப்பக்கம் ஆடியது. அதைச் சீவினேன். ஒன்றரைச் சாண் உயரம் என்று தொடங்கிய வேலை ஒரு சாணில் வந்து நின்றபோது, தேநீர் இடம் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு உயர்ந்தது என்று சொல்லி வாளைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்ட வெட்ட விழுந்த துண்டுகளை ஒவ்வொன்றாக மனைவியிடம் கொடுத்து, குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு சாமான்கள் வந்தன. ஈஸ்ட்வூட்டில் சீனக் கடைகளில் அலைந்து, சிந்தும் தண்ணீர் கீழே வடியும் மூங்கில் தட்டு ஒன்று, தையல்காரரின் விரற்கவசம் அளவில் ஆறு கோப்பைகள், செம்மண் நிறத்தில் கைக்குள் அடங்கும் மண் கேத்தல் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு மண் தவளை. முதல் தண்ணீரை அதன் தலையில்தான் ஊற்ற வேண்டும், ஊற்ற ஊற்ற மினுமினுக்கும் என்றாள் கடைக்காரப் பெண். இடம் வெறுமையாக இருக்க வேண்டுமே என்று, அந்த மூலைச் சுவரில் சின்னத் தட்டு ஒன்றில் இருந்த மாதா சுரூபத்தை எடுத்துப் பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன்.

“மாதாவுக்கு இடமில்லை, தவளைக்கு இடமிருக்கு,” என்றாள் மனைவி. அந்த விஷயத்தில் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

கடைக்காரப் பெண் இன்னொன்றும் சொன்னாள். இந்த மண் எல்லாவற்றையும் உறிஞ்சும், பாவிக்க முதல் பழக்க வேண்டும் என்று தொடங்கினாள். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். மண்சட்டி பழக்க எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? மீன்குழம்புச் சட்டி வாங்கினால் கஞ்சித்தண்ணி விட்டு மூன்று நாள் ஊற வைத்து, காய்ச்சி ஊற்றி, நல்லெண்ணெய் பூசி வெயிலில் வைப்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கேத்தலுக்கும் அதையே செய்தேன். வடித்த கஞ்சியை அந்தச் சின்ன மூக்கு வரைக்கும் நிரப்பினேன். மூன்றாம் நாள் பஞ்சில் நல்லெண்ணெய் தொட்டு உள்ளும் புறமும் பூசிப் பல்கனியில் காய வைத்தேன்.

“இதையும் அப்பிடித்தான் பழக்கிறதோ?” என்று மனைவி கேட்டாள்.

“மண் எண்டா மண்தான்.”

அந்தக் கேத்தலைத் தேயிலைத் தண்ணீரில் அவித்தெடுக்க வேண்டும், எண்ணெய் அண்டவே கூடாது என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கேத்தலில் எந்தத் தேயிலையைப் போட்டாலும் ஒரே வாசம்தான் வந்தது. பழைய கஞ்சி வாசம். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு, இதுதான் தேயிலையின் சாரம் என்று ஒரு வாரம் நம்பினேன். நம்பிக்கை போன பிறகும் விடாமல் குடித்தேன். குடித்துவிட்டு வேலைக்குப் போய் கன்ரீனில் பாலும் சீனியும் விட்டு ஒரு பெரிய கோப்பை குடித்தால்தான் எனக்கு உயிர் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து தெரிந்த அன்ரி ஒருவர் எங்களோடு வந்தார். அவருக்கு முழுச் சடங்கும் செய்து காட்டினேன். தவளையைக் குளிப்பாட்டினேன், கோப்பைகளைக் கழுவினேன், ஊற்றினேன், ஊற்றியதை மறுபடி கொட்டினேன். அன்ரி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை கைக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது மருந்து குடிக்கிற கோப்பையோ?”

“இல்லை அன்ரி, இப்பிடித்தான் ருசிக்க வேணும்.”

ஒரு மிடறில் முடித்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். “பிள்ளை, எனக்கு ஒரு பிளேன்ரீ ஊத்தம்மா. சீனி போடாதை, கையில தா, நான் நக்கிக்கொண்டு குடிக்கிறன்.” இரண்டு பேரும் குசினி வாசலில் நின்று ஆளுக்கொரு உள்ளங்கைச் சீனியோடு குடித்தார்கள், சிரித்தார்கள். நான் தவளையோடு இருந்தேன்.

இதற்கிடையில் இன்னொரு விஷயமும் என்னைத் தொந்தரவு செய்தது. எங்கள் குளியலறை கொஞ்சம் பெரியது, உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அங்கேதான் நிற்கும். அதற்குப் பக்கத்தில் எந்நேரமும் அயன் பலகை விரித்தபடியே நின்றது. நான் இரண்டு தடவை அதில் முழங்காலை இடித்துக்கொண்டேன்.

“எப்ப பாத்தாலும் அயன் பண்ணுறீரோ? இதை மடிச்சு வைக்கக் கூடாதோ?” என்று சத்தம் போட்டேன்.

“சரி, மடிக்கிறன்,” என்றாள். மடித்தாள். அடுத்த நாள் மறுபடி விரித்திருந்தது. முதியோர் இல்லத்துச் சீருடைக்கு இவ்வளவு அயனா என்று நான் யோசித்தேனே தவிர, என் மேல்சட்டைகள் கசங்கியபடியேதான் அலுமாரியில் தொங்கின என்பது என் மூளையில் ஏறவில்லை.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், அந்தச் சீன நண்பரை வீட்டுக்கு அழைத்தேன். எல்லாவற்றுக்கும் காரணமானவர் அவர்தானே. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தேன். அவர் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டார், கையில் ஒரு பழைய ஜாம் போத்தலோடு. அதற்குள் தேயிலை மிதந்துகொண்டிருந்தது. வழியில் குடிக்கவாம். காலையில் ஒரு பிடி தேயிலையைப் போட்டு, நாள் முழுக்கச் சுடுதண்ணீர் விட்டு விட்டு அதிலேயே குடிப்பாராம். அன்றைக்கு எனக்குக் கொடுத்த அந்த ஒரு மிடறும் அந்தப் போத்தலில் இருந்துதான் வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் என் மூலையைப் பார்த்தார். “என் மாமனார் வீட்டில் இப்படியொன்று இருக்கிறது. யாரையும் தொட விடமாட்டார்,” என்றார் ஆங்கிலத்தில். பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, கீழே உட்கார முடியாது, கதிரை இருக்குமா என்று கேட்டார். சாப்பாட்டுக் கதிரையை எடுத்துப் போட்டேன். அவர் கதிரையில், மேசை அவருடைய கணுக்காலடியில், நான் அதற்கு அந்தப் பக்கம் தரையில். ஒவ்வொரு கோப்பைக்கும் அவர் விழுந்த காசைப் பொறுக்குவது போலக் குனிந்து எழும்பினார். முதல் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: “இது ஜப்பான்காரர் குடிக்கும் அரிசித் தேநீரா?”

நான் ஆம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கோப்பைக்குப் பிறகு கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். குளியலறையைக் காட்டினேன். திரும்பி வந்து கதிரையில் உட்காராமல் நின்றார்.

“அங்கே யார் படிக்கிறது?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. குசினியில் பற்றிஸ் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த மனைவிதான் பதில் சொன்னாள். “நான்தான். அங்கே லைட் நல்லது,” என்றாள் ஆங்கிலத்தில். அவர் முன்னதாகவே வந்ததால் அவளுக்கு ஒதுக்கி வைக்க நேரம் இருக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். அயன் பலகையின் மேல் பயிற்சிப் புத்தகம் விரித்தபடி, பக்கத்தில் கொப்பி, பேனை, குசினி மணிக்கூடு. முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். தோய்க்கும் மெஷினின் பக்கவாட்டில் மஞ்சள் தாள்களில் சொற்கள் ஒட்டியிருந்தன. பலகையின் துணியில் பேனை மை பட்டுப் பட்டு நீலமாகியிருந்தது. மாதக் கணக்கான நீலம். தினமும் காலையில் அந்த ஸ்டூலை நகர்த்திவிட்டுத்தான் நான் பல் தீட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

நான் வெளியே வரும்போது நண்பர் என் மனைவியிடம் கதைத்துக்கொண்டிருந்தார். தன் மனைவியும் அதே பரீட்சையை நான்கு தடவை எழுதினாள், வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு வருடம் அவளிடம் இருந்தது, தானும் பிள்ளைகளும் நின்றுகொண்டே சாப்பிட்டோம் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் தவளையைப் பார்த்தபடி நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும் மேசையிலிருந்த எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டேன். கீழ்வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, வெட்டிய காலைத் திரும்ப ஒட்டலாமா என்று கேட்டேன்.

“ஒட்டலாம்ணே, ஒட்டலாம். ரெண்டு பக்கமும் தகடு வச்சு ஸ்குரூ போட்டா நிக்கும். வெட்டுன துண்டு இருக்குல்ல?”

“இல்லை. குப்பையில போட்டாச்சு.”

என் பின்னால் வந்து படியில் நின்ற மனைவி மேலே போனாள். குளியலறைக் கைகழுவும் தொட்டிக்குக் கீழேயிருந்து ஒரு ஷொப்பிங் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நான்கு துண்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றி, நோயாளியின் கையில் கட்டும் பட்டியில் எழுதுவது போலத் தெளிவாக எழுதியிருந்தது: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது.

“எப்ப எழுதினனீர் இதை?”

“வெட்டின அண்டைக்கே.”

“ஏன் அப்ப ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னா நிப்பாட்டியிருப்பியளோ?”

கீழ்வீட்டுக்காரர் துண்டுகளை வாங்கி, எழுத்தைப் படித்து, என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு டிரில் எடுக்க உள்ளே போனார்.

மேசை நின்றது. நான் சீவித் தள்ளிய விரற்கணக்குத் திரும்பி வரவில்லை என்பதால் முன்பை விடக் குட்டை. கொஞ்சம் ஆடியது. தேயிலைப் பெட்டியின் அட்டையை மனைவி மடித்து, பின் இடது காலுக்குக் கீழே வைத்தாள். மாதா பழைய சுவர்த்தட்டுக்கு வந்தார். நான் டொக்டர் சொன்னபடி நடக்கத் தொடங்கினேன். அவள் படிக்கும் நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் சத்தம் என்று வீதியைச் சுற்றினேன். பிரஷர் குறைந்தது என்றால் அதற்குக் காரணம் அதுதான், தேநீர் இல்லை.

நவம்பரில் ஜக்கரண்டா பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது தடவை போய் எழுதினாள். வெளியே வந்து காரில் ஏறியவளிடம் எப்படி என்று கேட்டேன். “மேசை நல்லா இருந்தது. ஆடேல்லை,” என்றாள். நான் காரை எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. எழுத்தில் ஏழு. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு குசினியில் நின்று அவள் அழுதாள். அத்தனை மாதமும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். பிறகு ரின்பால் விட்டு இரண்டு பெரிய கோப்பை தேத்தண்ணி போட்டேன். மேசைக்கு எதிரும் புதிருமாக இருந்து குடித்தோம். அப்போதுதான் தாளை முழுக்கப் பார்த்தேன். எல்லாவற்றையும் விடக் கூடுதலாக, பேச்சில் எட்டரை எடுத்திருந்தாள்.

“பேச்சில என்ன கேட்டவை?”

“உங்கட வீட்டில உங்களுக்குப் பிடிச்ச இடத்தைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டவ.”

“என்ன சொன்னனீர்?”

“இந்த மூலையைத்தான். மேசை, யன்னல், மரம் எல்லாம் சொன்னனான். குடிவந்த அண்டைக்கே என்ர மனிசன் இதை எனக்கெண்டு தந்தவர் எண்டு சொன்னனான்.”

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். “அவ்வளவுதானோ?” என்று கேட்டேன்.

அவள் ஒரு மிடறு குடித்தாள். “ரெண்டு நிமிசம்தான் தந்தவை,” என்றாள். “வெட்டின கதைக்கு நேரம் காணேல்லை.”